விடியற்காலைக் காசிமேட்டுக்கு ஒரு சட்டைப்பைக் கேமரா

ஞாயிற்றுக்கிழமை சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் ஏலக் குரல் உச்சத்தில் இருக்கும்போது வானம் இன்னும் வெளுத்திருக்காது. கம்பத்து விளக்கு, ஈரத் தரை, கூடை நிறைய வஞ்சிரமும் சங்கராவும், நான்கு பக்கமும் நகர்ந்துகொண்டே இருக்கும் மனிதர்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நான் படம் எடுக்கப் போகும் இடம் இதுதான். கழுத்தில் பெரிய கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால், ஏலம் விடுபவர் ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பார்ப்பார். கூடை தூக்குபவர் ஒதுங்கி வழிவிடுவார். நான் எடுக்க வந்த படம் அந்தக் கணத்திலேயே போய்விடும். சட்டைப்பையில் அடங்கும் கேமரா அந்த இடத்தின் ஓட்டத்தைக் கலைப்பதில்லை. அதனால்தான் அதை விடாமல் வைத்திருக்கிறேன்.

தொழிலால் நான் லேத் டர்னர். வீடு காலடிப்பேட்டையில், பட்டறை திருவொற்றியூரில். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்பதால், ஒரு பொருளின் மேல் எண் அச்சடித்திருந்தால் அது எதை அளந்த எண் என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. கேமரா வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு எண்களைச் சொல்கிறார்கள்: எத்தனை மெகாபிக்சல், எத்தனை மடங்கு ஜூம். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு, எங்கே நின்று எடுக்கப்போகிறாய்? பகல் பதினோரு மணி வெயிலில் எந்தக் கேமராவும், கையிலுள்ள கைப்பேசியும்கூட, நல்ல படம் தரும். விடியற்காலை ஐந்து மணிதான் சோதனை.

அந்த ஐந்து மணியை முதலில் தீர்மானிப்பது சென்சார், லென்ஸ் வழியாக வரும் ஒளியைப் படமாகப் பதியும் சில்லு. “ஒரு அங்குல சென்சார்” என்று பெட்டியில் போட்டிருக்கும். உள்ளே எந்தப் பக்கத்தை அளந்தாலும் ஒரு அங்குலம் வராது. அகலம் 13.2 மில்லிமீட்டர், உயரம் 8.8, மூலைக்கு மூலை பிடித்தாலும் 16-ஐத் தொடாது. அங்குலம் என்றால் 25.4 ஆயிற்றே? பழைய வீடியோ கேமராக்களில் சென்சாருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழாய் இருந்தது. அந்தக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து அளவு சொன்னார்கள். குழாய் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. எங்கள் தொழிலில் இது புதிதல்ல. அரை அங்குல ஜி.ஐ. பைப்பில் வெர்னியரை வைத்துப் பாருங்கள், வெளிவிட்டம் 21 மில்லிமீட்டருக்கு மேல் காட்டும். ஆகவே பெயரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைத் தேடுங்கள். பல கேமராக்களின் விவரத்தாளில் அது இருக்கும்.

விலை குறைந்த சிறிய கேமராக்களில் வரும் சென்சாருக்கு 1/2.3 அங்குலம் என்று பெயர். அதன் அளவு சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 28 சதுர மில்லிமீட்டர். ஒரு அங்குலம் என்று சொல்லப்படுவது 116. நான்கு மடங்கு. மொட்டைமாடியில் மழைநீருக்கு டபராவை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. பெய்வது ஒரே மழைதான், சேர்வது வேறு. 2012-இல் சோனி ஆர்.எக்ஸ்.100 வந்தபோதுதான் இந்த அளவுச் சென்சாரும் ஜூம் லென்ஸும் சேர்ந்து ஒரு சட்டைப்பைக்குள் அடங்கின. 2014-இல் கேனான் ஜி7 எக்ஸ் அதே வழியில் வந்தது. 2019-இல் வந்த ரிக்கோ ஜி.ஆர். 3 இன்னும் ஒருபடி மேலே: சென்சார் கிட்டத்தட்ட 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர், ஆனால் ஜூமே கிடையாது. காலால் நடந்துதான் நெருங்க வேண்டும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 10-க்கு 15 சென்டிமீட்டர் படம் நல்ல தரத்தில் அச்சாவதற்கு இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். ஏ4 தாள் அளவுக்கு ஒன்பது போதும். இன்றைக்குக் கிடைக்கும் கேமராக்களில் பெரும்பாலானவை அதைத் தாண்டிவிட்டன.

ஆனால் லென்ஸின் முகப்பு வளையத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்களை விட்டுவிடாதீர்கள். முதல் ஆர்.எக்ஸ்.100-இல் 1.8-4.9 என்றும் 10.4-37.1 என்றும் இருக்கும். பின்னது குவியத் தொலைவு, மில்லிமீட்டரில். முன்னது லென்ஸுக்குள் ஒளி புகும் துளையின் எண், எஃப் எண் என்பார்கள். எண் சிறியதாக இருந்தால் துளை அகலமானது. ஜூமை நீட்டாத அகலக் கோணத்தில் 1.8 ஆக இருக்கும் துளை, முழு ஜூமுக்குப் போகும்போது 4.9 ஆகிவிடுகிறது. இந்த இரண்டு எண்களையும் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் ஏழுக்கு மேல் வரும். அதாவது ஜூமை முழுவதும் நீட்டிய மாத்திரத்தில் சென்சாருக்குப் போகும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. 1/125 நொடியில் எடுக்க முடிந்த ஏலக்காரரின் கை, இப்போது 1/15 நொடி கேட்கிறது. கை வெறும் புகையாகத்தான் பதியும். இருட்டில் ஜூமைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். நான்கு அடி முன்னால் போய் நில்லுங்கள். மீன் வாங்க வந்தவர் போலக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உண்மையாகவே அரைக் கிலோ வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

டிஜிட்டல் ஜூம் என்று ஒன்று இருக்கும். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். வீட்டுக்கு வந்து நீங்களே செய்துகொள்ளலாம். முதல் நாளே மெனுவில் போய் அணைத்துவிடுங்கள்.

நடுக்கம் தடுக்கும் வசதியும் முக்கியம்தான், ஆனால் அது எதைத் தடுக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கையின் நடுக்கத்தை மட்டும்தான். கூடை தூக்கி ஓடுபவரின் ஓட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம்தான், அதாவது படம் பதியும் நேரத்தின் குறுக்கம்தான், வேண்டும். நின்று பேசுபவருக்கு 1/60 போதும், நடப்பவருக்கு 1/125, பனிக்கட்டியை உடைப்பவரின் கை அப்படியே நிற்க வேண்டும் என்றால் 1/500. வேகம் கூடினால் வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட, கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்க வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்ற வேண்டும். ஒரு அங்குலச் சென்சாரில் 1600 வரை நான் தயங்காமல் போவேன், அவசரத்துக்கு 3200. படத்தில் கொஞ்சம் மணல் தூவியது போல் இருக்கும். இருக்கட்டும். மணல் தூவிய முகம், கலைந்துபோன முகத்தைவிட நல்லது. பல கேமராக்களில் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டு, மேல் வரம்பை மட்டும் நாம் கட்டலாம். நான் துளையை நானே தேர்ந்தெடுக்கும் முறையில் வைத்து, வரம்பை 1600-இல் கட்டிவிட்டு மற்றதைக் கேமராவிடம் விட்டுவிடுகிறேன். சிலவற்றில் ஷட்டர் வேகம் எதற்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்லி வைக்கலாம். இருந்தால் 1/125 என்று வையுங்கள்.

இனி, கேமராவில் எனக்கு மிக வேண்டிய பொத்தான்.

முதல் கேமரா வாங்கிய புதிதில், மீன் வெட்டிக் கொடுக்கும் ஓர் அக்காவைப் படம் எடுத்தேன். அவருக்குப் பின்னால் கடலில் சூரியன் அப்போதுதான் எழுந்திருந்தது. நம் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து வருகிறது என்பதால் காலையில் கடலைப் பார்த்து எடுக்கும் எந்தப் படமும் எதிர்வெளிச்சம்தான். அடுத்த வாரம் அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வெகுநேரம் பார்த்தார். “சூரியன் நன்றாக இருக்கிறது, தம்பி. இதில் என் முகம் எங்கே?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது இன்னும் நினைவில் இருக்கிறது. கூடை, கத்தி, வானம் எல்லாம் இருந்தன. அவர் இருந்த இடத்தில் ஒரு கருப்பு உருவம்.

கேமரா தவறு செய்யவில்லை. அதற்குள் இருக்கும் ஒளி அளவிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எதைக் காட்டினாலும் மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கிவிட வேண்டும். பிரகாசமான வானத்தைக் காட்டினால் எல்லாவற்றையும் இருட்டாக்கும். கருத்த ஈரத் தார்ச் சாலையைக் காட்டினால் எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும். நம் ஊர் மனிதர்களின் மாநிறமும் கருப்பும் அதற்குப் புரியாது, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு இருப்பதுதான் கூட்டல் கழித்தல் போட்ட பொத்தான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று பெயர். பின்னால் வானம் இருந்தால் கூட்டல் ஒன்று. வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர், கோலமாவு என்றால் கூட்டல் மூன்றில் இரண்டு. ஐஸ் பெட்டிக்குள் வெள்ளி போல மின்னும் நெத்திலி என்றால் கழித்தல் மூன்றில் இரண்டு, இல்லாவிட்டால் செதில்களின் மினுக்கம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இரவு விளக்கில் இருண்ட தெரு என்றால் கழித்தல் ஒன்று. இரவு இரவாகவே இருக்கட்டும்.

எந்தக் கேமரா வாங்கினாலும் இந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மெனுவுக்குள் நான்கு தட்டு தட்டித் தேட வேண்டியிருந்தால் வாங்காதீர்கள். மேலே தனிச் சக்கரமாக இருந்தால் மிக நல்லது. லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருந்தால், கேனான் எஸ்90 என்ற கேமராவில் 2009-இலேயே அப்படி ஒன்று வந்தது, அந்த வளையத்துக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். நான் கடையில் சக்கரத்தைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொள்வேன். ஒவ்வொரு படியும் விரலுக்குத் தெரிய வேண்டும். லேத்தில் சக்கரத்தைத் திருப்பும்போது திருகு நகராமல் சக்கரம் மட்டும் சற்று ஓடினால், அந்த இயந்திரத்தில் அளவு நிற்காது, தளர்வு என்போம். கேமராச் சக்கரத்தில் அந்தத் தளர்வு இருந்தால் கையில் எடுத்த வேகத்தில் கீழே வைத்துவிடுவேன்.

எதிர்வெளிச்சத்துக்கு இன்னொரு வழி ஃப்ளாஷ். இதைப் பெரும்பாலோர் இருட்டில் போடுகிறார்கள். நான் வெயிலில் போடுவேன். இந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் ஷட்டர், லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக இருக்கிறது. அதனால் 1/1000 நொடி வேகத்திலும் ஃப்ளாஷ் ஒத்துழைக்கும். பெரிய கேமராக்கள் பெரும்பாலும் 1/200 பக்கத்திலேயே நின்றுவிடும். பின்னால் சூரியன், முன்னால் ஓர் ஆள், இரண்டடி தள்ளி நீங்கள். ஃப்ளாஷின் பலத்தைக் கழித்தல் ஒன்றில் வைத்துத் தட்டுங்கள். வானத்தின் நிறமும் இருக்கும், தொப்பிக்குக் கீழே கண்களும் இருக்கும். அந்த அக்காவை அப்படித்தான் மறுபடி எடுத்தேன். அந்தப் படம் இப்போது அவர் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது.

ஃபோகஸ் பற்றி. பொத்தானை ஒரே அமுக்காக அமுக்காதீர்கள். பாதி அமுக்கினால் ஃபோகஸ் பிடிக்கும், மீதியை அமுக்கினால் படம் விழும். ஏலக் கூடை எங்கே வந்து இறங்கும் என்று தெரிந்தால், அந்தத் தரையிலேயே முன்கூட்டிப் பாதி அமுக்கிப் பிடித்துக் காத்திருங்கள். கூட்டத்தில் அதற்கும் நேரமில்லை என்றால் இன்னொரு முறை உண்டு. ஒரு அங்குலச் சென்சாரில், அகலக் கோணத்தில், துளையை எஃப்/4-இல் வைத்து, கைமுறை ஃபோகஸை இரண்டரை மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். கேமரா எதையும் தேடாது, பொத்தானைத் தொட்டவுடன் படம். ரிக்கோவில் இதற்கென்றே தனி வசதி உண்டு, ஒன்று, ஒன்றரை, இரண்டு மீட்டர் என்று தொலைவைத் தேர்ந்தெடுத்துவிடலாம். துளையை எஃப்/8, எஃப்/11 என்று மேலும் சுருக்கினால் இன்னும் தெளிவு வரும் என்று நினைக்க வேண்டாம். சின்னத் துளைக்குள் புகும்போது ஒளி விரிந்து, படம் முழுவதும் மழுங்கும். எஃப்/4, மிஞ்சினால் எஃப்/5.6.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் சில கேமராக்களில் உண்டு. அது சென்சாரை ஒவ்வொரு வரியாகப் படித்து வருவதால், பேசின் பிரிட்ஜ் பக்கம் ஓடும் ரயிலை அதில் எடுத்தால் பெட்டி சாய்ந்து நிற்கும். எல்.இ.டி. விளக்குகளின் கீழே படத்தில் பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. ராயபுரத்துச் சந்துகளில் இரவு கேரம் ஆடுபவர்களை எடுக்கும்போது வேகத்தை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள், பட்டை போய்விடும்.

நிறத்தில் ஒரு சிறு விஷயம். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால், விடியலின் செம்மையைக் கேமரா குறை என்று நினைத்துத் திருத்திவிடும். சூரியன் குறி போட்ட அமைப்பில் வைத்துவிடுங்கள். சந்தையில் மஞ்சள் விளக்கும் வெள்ளை விளக்கும் கலந்திருக்கும். அங்கே ரா கோப்பாகவும், அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாகவும், சேர்த்து எடுத்துக்கொண்டால் வீட்டில் நிறத்தைச் சரிசெய்ய முடியும்.

எண்ணூருக்குப் போவதாக இருந்தால் மட்டும் நான் ஜூமையும் கண்வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரையும் கேட்பேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் பத்து மணிக்குமேல் நின்றால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், படம் தெரியாது. 2014-இல் வந்த ஆர்.எக்ஸ்.100-இன் மூன்றாம் வடிவத்தில் மேலே எழும்பி வரும் வ்யூஃபைண்டர் இருக்கிறது. இல்லாதவர்கள் திரையின் மூலையில், இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலுமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள்; மேடு வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெளுத்துவிட்டது என்று பொருள். படகில் நிற்பவரையும் பின்னால் தொலைவில் இருக்கும் புகைபோக்கிகளையும் ஒரே சட்டத்துக்குள் நெருக்கிக் காட்டுவதற்கு நீண்ட ஜூம் உண்மையிலேயே உதவும். ஓர் எச்சரிக்கை: அனல்மின் நிலையம், துறைமுக மதில், ரயில் நிலையம் ஆகியவற்றில் காவலர்கள் இருப்பார்கள், கேட்காமல் எடுக்காதீர்கள். 1856-இல் திறந்த ராயபுரம் நிலையத்தின் தூண்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. அவற்றைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது. புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பழகுவதற்கு இந்த 61 நாட்கள் போல வேறு காலம் கிடையாது. படகுகள் பழுதுபார்க்கப்படும், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. பூக்குறி போட்ட மேக்ரோ அமைப்பைப் பழக வேண்டியது அப்போதுதான். அகலக் கோணத்தில் வைத்தால் இந்தக் கேமராக்கள் பலவும் ஐந்து சென்டிமீட்டர் வரை நெருங்கும். புரொபெல்லர் இலையின் தேய்மானம், கயிற்றின் முறுக்கு, உரிந்த பெயின்டுக்கு அடியில் தெரியும் பழைய பெயின்ட். உங்கள் நிழலே விழாமல் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வரும்படி நில்லுங்கள். நான் ஒரு முழுக் காலைப் பொழுதையும் ஒரே புரொபெல்லரோடு கழித்திருக்கிறேன்.

கடற்கரைக் கேமராவுக்கு எமன் உப்பு. வீட்டுக்கு வந்தவுடன் காய்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பொடியே உப்புத்தாள் போலத் தேய்க்கும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, பிறகு ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் உடலை மட்டும் துடைத்து, கடைசியாகக் காய்ந்த துணி. காற்று பலமாக அடிக்கும்போது ஜூமை முன்னும் பின்னும் ஓட்டாதீர்கள். நீண்டு சுருங்கும் குழல் ஒவ்வொரு முறையும் காற்றை இழுக்கிறது, காற்றோடு மணலும் போகும். குளிரூட்டிய மெட்ரோவிலிருந்து இறங்கி வெளியே வந்தவுடன் கேமராவை எடுத்தால் லென்ஸில் பனி படியும். பைக்குள்ளேயே கால் மணி நேரம் வைத்திருங்கள். இரவில் மூடி இறுக்கமான டிபன் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிடும்.

பழைய கேமரா வாங்குவதில் தவறில்லை, என்னுடையதும் பழையதுதான். முதல் முறை ஏமாந்தேன். வெளியில் கீறல்கூட இல்லாத கேமராவின் சென்சாரில் தூசி அப்பியிருந்தது. இப்போது பார்க்கும் முறை இது: துளையை எஃப்/11, அல்லது அதில் எது மிகச் சிறியதோ அதில் வைத்து, வெறும் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன். சாம்பல் புள்ளிகள் இருந்தால் உள்ளே தூசி. லென்ஸ் வழியாக டார்ச் அடித்துச் சிலந்தி வலை போல ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன், தெரிந்தால் பூஞ்சை. ஜூமைப் பத்து முறை ஓட்டிக் காதை வைத்துக் கேட்பேன். கரகரப்பு இருந்தால் பல்சக்கரத்தில் மணல். பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்து விரலால் சுண்டினால் சுழலக் கூடாது. சுழன்றால் வயிறு உப்பிவிட்டது. ஒரு சார்ஜுக்கு 200 முதல் 350 படங்கள் வரைதான் இந்தக் கேமராக்கள் தரும் என்பதால், இரண்டாவது பேட்டரி கட்டாயம்.

எடுத்ததை அச்சுப் போடுங்கள். திரையில் சரியாகத் தெரியும் படம் தாளில் சற்று இருண்டு வரும், கொடுப்பதற்கு முன் கொஞ்சம் வெளிச்சம் கூட்டிவிடுங்கள். படம் யாருடையதோ அவருக்கு ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும். பெயர் தெரியாதவர்கள் பலர் என்பதால் ஒவ்வொரு அச்சின் பின்புறமும் அவர் நின்ற இடத்தையும் பக்கத்துப் படகின் நிறத்தையும் பென்சிலால் எழுதிவைக்கிறேன். இந்த வாரம் என் சட்டைப்பையில் நான்கு படங்கள் இருக்கின்றன. ஒன்றின் பின்னால், “நீலப் படகு, ஐஸ் உடைப்பவர், இடது கையில் கட்டு” என்று இருக்கிறது.